மனைவிக்கு மட்டும்தான் முத்தம்! அடம்பிடித்த ஹீரோ... தம்பதிகளை அழவைத்த 'பயர்புரூப்' படம் பற்றி ரசிகர்கள் சொல்வது என்ன?

ஹாலிவுட் காதல் படம் என்றாலே முத்தக் காட்சிக்குப் பஞ்சம் இருக்காது. ஆனால், 'கதாநாயகிக்கு முத்தம் கொடுக்க மாட்டேன்' என்று ஹீரோவே மறுத்துவிட்ட அமெரிக்கப் படம் ஒன்று உண்டு.

அந்த ஹீரோவின் பெயர் கிர்க் கேமரூன். படத்தின் பெயர் 'பயர்புரூப்'. 2008-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் வெளியானது. கட்டிய மனைவியைத் தவிர வேறு பெண்ணுக்கு முத்தம் கொடுப்பதில்லை என்பது அவருடைய கொள்கை.

கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? அவருடைய சொந்த மனைவியும் நடிகையுமான செல்சி நோபிளை வரவழைத்தார்கள். கதாநாயகி எரின் பெத்தியா மாதிரியே அவருக்கு வேஷம் போட்டார்கள். முகம் தெரியாமல் நிழல் உருவமாகக் காட்டி, காட்சியை முடித்துவிட்டார்கள்.

இந்த முத்த விவகாரம் ஒரு பக்கம் இருக்கட்டும். படத்தைப் பார்த்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசியதற்குக் காரணம் வேறு. அது புருஷன் பொண்டாட்டி சண்டை!

சர்ச் எடுத்த சினிமா

இந்தப் படத்தை எடுத்தது பெரிய சினிமா கம்பெனி அல்ல. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம் அல்பனி நகரில் உள்ள ஷெர்வுட் பாப்டிஸ்ட் சர்ச். அங்கே ஊழியம் செய்துவந்த அலெக்ஸ் கென்ட்ரிக் படத்தை இயக்கினார். அவரும் தம்பி ஸ்டீபன் கென்ட்ரிக்கும் சேர்ந்து கதை எழுதினார்கள்.

சபை மக்கள் நூற்றுக்கணக்கானோர் சம்பளம் வாங்காமல் வேலை பார்த்தார்கள். சிலர் நடித்தார்கள். சிலர் சமையல் செய்து போட்டார்கள். செலவு சுமார் 5 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் இரண்டேகால் கோடி ரூபாய்தான்.

முதல் வாரக் கடைசியில் 839 தியேட்டர்களில் மட்டும் ஓடி, வசூலில் 4-வது இடத்தைப் பிடித்தது. மொத்தம் 3 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் அள்ளியது. அதாவது சுமார் 150 கோடி ரூபாய். சினிமாக்காரர்களே வாயைப் பிளந்தார்கள்.

கதை இதுதான்

ஹீரோ கேலப், தீயணைப்பு வீரர்களின் கேப்டன். ஊரார் உயிரைக் காப்பாற்ற நெருப்புக்குள் குதிப்பவர். 'தீயில் கூட்டாளியை விட்டுவிட்டு வராதே' என்பது அவருடைய வேலையின் சட்டம். ஆனால் வீட்டுக்கு வந்தால் கூட்டாளியையே கண்டுகொள்ள மாட்டார்.

கல்யாணமாகி ஏழு ஆண்டுகள். மனைவி கேத்தரின் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார். கேலப் படகு வாங்க 24 ஆயிரம் டாலர் சேர்த்து வைத்திருக்கிறார். கேத்தரினின் தாயோ பக்கவாதம் வந்து பேச முடியாமல் கிடக்கிறார். அந்த அம்மாவுக்குக் கட்டிலும் சக்கர நாற்காலியும் வாங்க வழியில்லை. இது போதாதென்று, கேலப் கம்ப்யூட்டரில் ஆபாசப் படம் பார்க்கிறார். மனைவியின் மனசு விட்டுப்போகிறது. விவாகரத்து கேட்கிறார்.

அப்போது கேலப்பின் அப்பா ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுக்கிறார். 40 நாட்கள், தினம் ஒரு வேலை. முதல் நாள், மனைவியிடம் ஒரு கடுஞ்சொல்லும் பேசக்கூடாது. மறுநாள், அவர் எதிர்பாராத ஓர் உதவி செய்ய வேண்டும். அதற்கடுத்த நாள் ஏதாவது வாங்கித்தர வேண்டும். கேலப் கடனே என்று செய்கிறார். இருப்பதிலேயே மலிவான பூங்கொத்தை வாங்கி வருகிறார். மனைவி அதை மதிக்கவே இல்லை.

பாதி வழியில் அப்பா இயேசுவைப் பற்றிப் பேசுகிறார். 'உன்னிடம் இல்லாத அன்பை நீ எப்படிக் கொடுப்பாய்?' என்பது அவர் கேட்கும் கேள்வி. அங்கேதான் கேலப் மனம் மாறுகிறார். கம்ப்யூட்டரை முற்றத்துக்குத் தூக்கி வந்து மட்டையால் அடித்து நொறுக்குகிறார். பக்கத்து வீட்டுப் பெரியவர் இதைப் பார்த்து முழிக்கும் காட்சியில் தியேட்டரே சிரித்தது.

படகுக்குச் சேர்த்த பணம் மாமியாரின் கட்டிலுக்குப் போகிறது. ஆனால், அதை வாங்கித் தந்தது தன்னிடம் நெருங்கிப் பழகும் டாக்டர்தான் என்று கேத்தரின் நினைக்கிறார். கடைக்குப் போய்க் கேட்டபோது உண்மை தெரிகிறது. டாக்டர் கொடுத்தது 300 டாலர்தான், மீதியெல்லாம் புருஷன் கொடுத்தது! மோதிரத்தை மாட்டிக்கொண்டு தீயணைப்பு நிலையத்துக்கு ஓடுகிறார்.

கைதட்டியவர்கள் சொல்வது

படத்தைப் பிடித்தவர்களில் அதிகம் பேர் கல்யாணம் ஆனவர்கள். பல சர்ச்சுகள் மொத்தமாக டிக்கெட் வாங்கித் தம்பதிகளை அழைத்துப் போயின.

இவர்கள் சொல்லும் முதல் காரணம், காதல் படங்கள் எல்லாம் கல்யாணத்தோடு முடிந்துவிடும், இந்தப் படம் கல்யாணத்துக்கு அப்புறம் ஆரம்பிக்கிறது என்பது. சிங்க்கில் கிடக்கும் பாத்திரம், யார் கடைக்குப் போவது, யார் சம்பளம் யாருக்கு என்று நடக்கும் சண்டை எல்லாம் தங்கள் வீட்டுச் சண்டைதான் என்கிறார்கள்.

இரண்டாவது காரணம், 40 நாள் திட்டம். சும்மா 'அன்பாக இருங்கள்' என்று சொல்லாமல், நாளைக் காலையில் என்ன செய்ய வேண்டும் என்று படம் சொல்கிறது. 'லவ் டேர்' என்று படத்தில் வரும் அந்த நோட்டு, நிஜப் புத்தகமாகவும் வெளியாகி லட்சக்கணக்கில் விற்றது.

மூன்றாவது, கடைசியில் வரும் திருப்பம். கேலப் தன் அம்மாவை எப்போதும் எடுத்தெறிந்து பேசுவார். அப்பாதான் அம்மாவுக்காக இந்த 40 நாளைக் கடைப்பிடித்தார் என்று நினைத்துக்கொண்டிருப்பார். உண்மையில், பிரியப்போன அப்பாவை மாற்ற அதைச் செய்தது அந்த அம்மாதான்! இந்த இடத்தில்தான் அதிகம் பேர் அழுதார்கள்.

முகம் சுளித்தவர்கள் சொல்வது

விமர்சகர்கள் பெரும்பாலும் மார்க் போடவில்லை. நடிப்பு நாடகம் மாதிரி இருக்கிறது, வசனம் பிரசங்கம் மாதிரி இருக்கிறது என்று எழுதினார்கள். தீ விபத்துக் காட்சியையும், ரெயில் தண்டவாளத்தில் சிக்கிய காரைத் தூக்கும் காட்சியையும் மட்டும் சிலர் பாராட்டினார்கள்.

மத நம்பிக்கை இல்லாத ரசிகர்களின் குறை வேறு. இயேசுவை ஏற்றால்தான் மனைவியை நேசிக்க முடியும் என்பது போலப் படம் சொல்கிறது, அப்படியானால் மற்ற மதத்துக்காரர்கள் நல்லபடியாகக் குடும்பம் நடத்தவில்லையா என்று கேட்டார்கள். விசுவாசிகளோ, அந்தக் காட்சியை எடுத்துவிட்டால் படமே இல்லை என்கிறார்கள்.

முத்த விவகாரத்திலும் இதே பிளவுதான். நடிப்புக்குக்கூட இப்படி ஒரு கெடுபிடியா என்று சிரித்தவர்கள் உண்டு. படத்தில் பேசியபடியே வாழ்க்கையிலும் நிற்கிறார் என்று மெச்சியவர்களும் உண்டு.

பெண்கள் கேட்ட கேள்வி

ஆனால் எல்லாவற்றையும் விடக் கனமான கேள்வி ஒன்று இருக்கிறது.

படத்தின் ஆரம்பத்தில் கேலப், மனைவியைச் சுவரோரம் நிறுத்தி முகத்துக்கு நேராகக் கத்துவார். கேத்தரின் நடுங்கி அழுவார். கேலப் அடிக்கவில்லை. ஆனாலும் அந்தக் காட்சியைப் பார்த்த பெண்கள் பலருக்குப் பயமாக இருந்தது. இது சாதாரணச் சண்டை இல்லை, கொடுமை என்று விமர்சித்தார்கள். அப்படிப்பட்டவர் 40 நாள் பாத்திரம் கழுவிப் பூ வாங்கிக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்பது அவர்கள் கேள்வி.

டாக்டரிடம் கேத்தரின் பழகுவதைப் படம் பெரிய தப்பாகக் காட்டுகிறது, அவரை அந்த நிலைக்குத் தள்ளியது யார் என்று கேட்டவர்களும் உண்டு.

படத்தை ஆதரிப்பவர்கள் இதற்குப் பதில் வைத்திருக்கிறார்கள். பொறுத்துப் போ என்று மனைவிக்குப் படம் புத்தி சொல்லவில்லை. குனிய வேண்டியது தப்பு செய்த புருஷன்தான் என்று காட்டுகிறது. மெழுகுவர்த்தி ஏற்றி விருந்து வைத்தபோதும் கேத்தரின் உடனே மயங்கவில்லை. 'உன் மேல் எனக்கு அன்பு இல்லை' என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார். அவர் நம்ப வேண்டுமானால் நம்பட்டும் என்று காத்திருக்க வேண்டியவர் கேலப்தான் என்கிறார்கள்.

இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அடி உதை நடக்கும் வீட்டுக்கு 40 நாள் நோட்டு மருந்தாகாது. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. பூங்கொத்து எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

உப்பும் மிளகும்

படத்தில் ஒரு காட்சி. விவாகரத்து பற்றிப் புலம்பும் கேலப் முன்னால், சக வீரர் மைக்கேல் உப்பு டப்பாவையும் மிளகு டப்பாவையும் பசை போட்டு ஒட்டி வைப்பார். கேலப் அதைப் பிரிக்கப் போவார். 'பிரித்தால் ஒன்று உடைந்துவிடும்' என்று தடுப்பார் மைக்கேல். இப்படிப் புத்தி சொல்லும் மைக்கேலே முதல் கல்யாணத்தை முறித்துக்கொண்டவர் என்பது பிறகுதான் தெரியவரும்.

அதன்பிறகு கென்ட்ரிக் சகோதரர்கள் 'கரேஜியஸ்' (2011), 'வார் ரூம்' (2015) என்று அடுத்தடுத்துப் படம் எடுத்தார்கள். 'வார் ரூம்' இரண்டாவது வாரக் கடைசியில் அமெரிக்க வசூலில் முதல் இடத்துக்கே வந்தது. அதுவும் புருஷன் பொண்டாட்டி கதைதான்!