ஏழாயிரம் ரூபாயும் ஒரு சாக்பீஸும்

வடமதுரையில் விடிகாலை ஐந்தரை மணிக்கு நான்கு வழிச் சாலை ஓரமாக நின்றால், சில நாட்களில் ஒரு வேடிக்கை கிடைக்கும். தலைக்கவசமும் இறுக்கமான சட்டையும் போட்ட நாலைந்து பேர் திண்டுக்கல் பக்கமிருந்து சைக்கிளில் சத்தமே இல்லாமல் வருவார்கள். சைக்கிளின் ஹேண்டில்பார், அய்யலூர்ச் சந்தைக் கிடாயின் கொம்பு மாதிரி கீழ்நோக்கி வளைந்திருக்கும். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்ப்பதற்குள் அய்யலூர் பக்கம் போய் மறைந்துவிடுவார்கள்.

அதை ஒரு நாள் பார்த்ததிலிருந்து என் அக்கா மகனுக்குத் தூக்கம் போச்சு.

"மாமா, ரோட் பைக் வாங்கணும். உண்டியல்ல 7,000 இருக்கு."

"அந்தச் சைக்கிள் என்ன விலைடா மாப்ள?"

"30,000க்கு மேல."

"மீதி 23,000?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் விட்டத்தைப் பார்த்தேன். "அடுத்த வருசம் பிளஸ் ஒன்னுல அரசாங்கமே சைக்கிள் குடுக்குமே" என்று சொல்லிப் பார்த்தேன். "அது வேற, இது வேற மாமா" என்றான். நியாயம்தான். அது பள்ளிக்கூடம் போக, இது பறக்க.

சரி, பறக்கிற சைக்கிளில் அப்படி என்னதான் இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம், பணத்தை அப்புறம் எண்ணலாம் என்று ஒரு சாக்பீஸ், ஒரு கட்டத்தாள், தையல் டேப் மூன்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். நீங்களும் கூட வரலாம். எல்லாம் உங்கள் வீட்டுச் சைக்கிளிலேயே செய்து பார்க்கக்கூடியவைதான்.

ரோட் பைக்குக்கும் தாத்தாவின் பழைய சைக்கிளுக்கும் இன்ஜின் ஒன்றுதான்: நம் கால். நல்ல உடல்நலமுள்ள பெரியவர் ஒருவர் ஒரு மணி நேரம் விடாமல் மிதித்தால் ஏறக்குறைய 100 வாட் தருவார். உங்கள் வீட்டு மிக்ஸிக்கு 500 வாட் வேண்டும். நம்மால் ஒரு சீலிங் ஃபேனைச் சுற்ற வைக்க முடியும், அவ்வளவுதான். இந்தக் கொஞ்சூண்டு சொத்துக்குத்தான் எத்தனை பங்காளிகள்! டயர் கேட்கிறது, காற்று கேட்கிறது, மேடு கேட்கிறது. எந்தப் பங்காளிக்கு எவ்வளவு போகிறது என்று தெரிந்தால், காசை எதில் போடுவது என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் டயர். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள் நடமாட்டமில்லாத சமதளச் சிமெண்ட் சாலை ஒன்றைப் பிடித்தோம். சாக்பீஸால் ஒரு கோடு. தாத்தாவின் சைக்கிளில் பெடலின் ஒரு சுற்றுக்கு "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணி ஒரே சீராக மிதித்து வந்து, கோட்டைத் தொட்டதும் காலை நிறுத்திவிட வேண்டும். சைக்கிள் தானாக உருண்டு எங்கே நிற்கிறதோ அங்கே இன்னொரு கோடு. டயரில் காற்று குறைவாக இருந்தபோது 24 மீட்டர் உருண்டது. கடையில் போய்க் காற்றடித்துவிட்டு வந்து, அதே ஆள், அதே எண்ணிக்கை: 36 மீட்டர். ஒரு பைசா செலவில்லாமல் ஒன்றரை மடங்கு!

ஏன்? ரப்பர் தரையில் படும் இடத்தில் நசுங்குகிறது, தரையை விட்டதும் நிமிர்கிறது. நசுக்க நாம் கொடுத்த ஆற்றல் முழுவதையும் அது திருப்பித் தருவதில்லை. கொஞ்சத்தை வெப்பமாக வைத்துக்கொள்கிறது. காற்று குறையக் குறைய நசுங்கல் கூடும், வட்டியும் கூடும்.

எவ்வளவு நசுங்குகிறது என்று பார்க்க வேண்டுமா? டயரின் அடியில் கொஞ்சம் மையைத் தடவி, கட்டத்தாள் மேல் சக்கரத்தை இறக்கி, ஆள் ஏறி உட்கார வேண்டும். இன்னொருவர் பிடித்துக்கொள்ளட்டும். தாளில் முட்டை வடிவத்தில் ஓர் அச்சு விழும். அதற்குள் எத்தனை சதுர சென்டிமீட்டர் என்று எண்ணினோம். முன் சக்கரம் 9, பின் சக்கரம் 14, மொத்தம் 23. பையன் 46 கிலோ, சைக்கிள் 18 கிலோ, ஆக 64. 64ஐ 23ஆல் வகுத்தால் 2.8. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 2.8 கிலோவைத் தாங்குகிறது. டயருக்குள் இருக்கும் காற்றழுத்தமும் ஏறக்குறைய அதுதான். நம்ம ஊர்ச் சைக்கிள் டியூபில் வால்டியூப் இருப்பதால் பெட்ரோல் பங்க் காற்றுமானி ஒத்து வராது. கட்டத்தாளே காற்றுமானி ஆகிவிட்டது. ரோட் பைக்கின் ஒல்லி டயரில் இதைப் போல இரண்டு மடங்கு அழுத்தம் ஏற்றுவார்கள். அப்போது அச்சு பாதியாகச் சுருங்கும்.

சைக்கிள் டயருக்குள் காற்று வந்த கதை இது: 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தன் மகனின் மூன்று சக்கரச் சைக்கிள் குலுங்காமல் ஓடட்டுமே என்று ரப்பர்க் குழாயில் காற்றடித்துச் சுற்றிக் கட்டினார். கெட்டி ரப்பர் டயரோடு ஒப்பிட்டால் அது வேகமாகவும் உருண்டது. சைக்கிள் பந்தயக்காரர்கள் சும்மா இருப்பார்களா?

அடுத்த பங்காளி காற்று. இவன் தந்திரக்காரன். மெதுவாகப் போனால் கண்ணில் படமாட்டான். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் தடுக்கும் விசை நான்கு மடங்காகும். அந்த விசையைத் தாண்டி இரண்டு மடங்கு வேகத்தில் போவதால், காற்றுக்காகச் செலவாகும் வாட் எட்டு மடங்கு. அதனால்தான் விடிகாலைக்காரர்கள் முதுகை வளைத்து, மூஞ்சியை ஹேண்டில்பாருக்கு மேல் வைத்துக்கொண்டு போகிறார்கள். காற்றில் மோதுவது பெரும்பாலும் சைக்கிள் அல்ல, நம் நெஞ்சும் தோளும். கிடாக் கொம்பு ஹேண்டில்பார் குனிய வசதி செய்து தருகிறது. ஆனால் குனிவதற்குக் காசு எதற்கு? சாதாச் சைக்கிளிலேயே முழங்கையை மடக்கினால் பாதி வேலை நடந்துவிடும். ஆடி மாதம் எதிர்காற்றில் போனவர்களுக்கு இது பாடம் நடத்தாமலே தெரியும். 15 கிலோமீட்டர் வேகத்தில் நாம் போக, எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால், உடம்பு 30இல் போவதாகத்தான் காற்று நினைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, எடை. இதைப் பற்றித்தான் கடைகளில் அதிகம் பேசுகிறார்கள், அதற்குத்தான் அதிகம் காசும் வாங்குகிறார்கள். நம்ம ஊர்க் கனமான சைக்கிளைவிட ஒரு நல்ல ரோட் பைக் 8 கிலோ குறைவு என்று வைத்துக்கொள்வோம். அந்த 8 கிலோவை 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்க 7,840 ஜூல் வேண்டும். நம் உடம்பு சாப்பாட்டில் கால்வாசியைத்தான் வேலையாக மாற்றும், அதனால் நான்கு மடங்காக்கினாலும் ஏழரைக் கிலோகலோரிதான் வருகிறது. அதாவது கடலை மிட்டாயில் ஒரு கடி!

"ஒரு கடிக்கு 23,000 ரூபாயா?" என்றான் மாப்பிள்ளை.

சிறுமலையில் 18 கொண்டை ஊசி வளைவையும் தினம் ஏறுகிறவனுக்கு அந்த எடைக் குறைவு பொருட்டுதான். பந்தயக்காரனுக்கும் அப்படியே. வடமதுரையிலிருந்து தாமரைப்பாடிக்கோ எரியோட்டுக்கோ போய்வரும் பையனுக்கு இல்லை. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: கிளம்பும்போது, சக்கரத்தின் விளிம்பில் இருக்கும் எடை முன்னோக்கியும் போக வேண்டும், சுற்றவும் வேண்டும், ஆகவே அது இரட்டை எடை மாதிரி. காசு இருந்தால் இலேசான ரிம்மில் போடலாம். அலுமினிய ரிம்முக்கு இன்னொரு நன்மையும் உண்டு. மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கும், அலுமினியத்தில் அவ்வளவு வழுக்காது.

இப்போது கியர். "21 கியர் மாமா!" என்று ஒரு சைக்கிளைக் காட்டினான். 21 என்ற எண் யாரையும் மயக்கும். முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 7, பெருக்கினால் 21. முன்னால் 28, 38, 48 பல். பின்னால் 14, 16, 18, 20, 22, 24, 28 பல். வகுத்துப் பாருங்கள். 28ஐ 14ஆல் வகுத்தால் 2. 48ஐ 24ஆல் வகுத்தாலும் 2. 38ஐ 16ஆல் வகுத்தால் 2.38, 48ஐ 20ஆல் வகுத்தால் 2.4. கால் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்காது. ஒரே மாதிரி வருபவற்றைச் சேர்த்துவிட்டால் 14தான் தேறியது. நோட்டில் எழுதிப் பார்த்து முடித்தபோது அவன் முகம் கொஞ்சம் வாடிவிட்டது.

கியர் என்றால் என்ன? ஒரு மிதிக்கு எவ்வளவு தூரம் என்பதற்கான ஒப்பந்தம். 1870களில் சங்கிலி இல்லாத சைக்கிளில் பெடல் முன் சக்கரத்திலேயே இருந்தது. ஒரு மிதிக்கு ஒரு சுற்று. தூரம் வேண்டுமென்றால் சக்கரத்தைப் பெரிதாக்கியே ஆக வேண்டும். ஒன்றரை மீட்டர் உயரம் வரை வளர்த்தார்கள். விழுந்தால் மண்டை போகும். 1885இல் ஸ்டார்லி என்ற ஆங்கிலேயர் பின் சக்கரத்துக்குச் சங்கிலி போட்டு, இரண்டு சின்னச் சக்கரங்களோடு ஒரு சைக்கிள் கொண்டுவந்தார். உயரம் செய்த வேலையைப் பற்கள் செய்தன. தாத்தா சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18. ஒரு மிதிக்குச் சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று, அதாவது 5.4 மீட்டர். திண்டுக்கல் 15 கிலோமீட்டர் என்று வைத்தால் 2,780 மிதி. (அவன் ஒரு நாள் எண்ணிக்கொண்டே போனான். பாதி வழியில் லாரி ஒன்று ஹாரன் அடித்ததில் கணக்கு விட்டுப்போச்சு.)

முன்னால் ஸ்பிரிங் வைத்த மலிவுச் சைக்கிளையும் ஒதுக்கினோம். ஸ்பிரிங்குக்கு எடை உண்டு, அழுந்தி மிதிக்கும்போது அதுவும் அழுந்தி எழும். ஐந்தாவது பங்காளி நமக்கு வேண்டாம். நான்காவது யார் என்கிறீர்களா? துரு.

ஆக, வேண்டியது இவ்வளவுதான்: கொஞ்சம் ஒல்லியான டயர், இலகுவாகச் சுற்றும் சக்கரம், அவன் உயரத்துக்குப் பொருந்தும் சட்டம், வடமதுரையிலேயே கிடைக்கிற உதிரிபாகம். கடைசி நிபந்தனையைச் சேர்த்தது நான். புது ரோட் பைக் பலவற்றில் டியூப் வாய் பென்சில் முனை மாதிரி ஒல்லியாக, உச்சியில் ஒரு குட்டித் திருகோடு இருக்கும். தெருமுனைப் பம்பு அதில் பொருந்தாது. தனியாக ஒரு பித்தளை மூடி வாங்கிப் பொருத்த வேண்டும். நம்ம பக்கம் சீமைக்கருவேல முள்ளுக்கு டயரின் விலை தெரியாது.

இந்த நான்கும் பொருந்தும் சைக்கிள் ஒன்று எனக்குத் தெரியும். நான் கல்லூரியில் படித்தபோது பாதிப் பேர் கனவு கண்ட பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். 1949இல் சென்னை அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரிப்பு. சாதாச் சைக்கிளைவிட இலகு, டயரும் ஒல்லி. கிடாக் கொம்பு கிடையாது. ஒரு பழைய சைக்கிள் கடையின் பின்சுவரில் ஒன்று சாத்தியிருந்தது. கடைக்காரர் 2,400 ரூபாய் சொன்னார்.

உடனே கையை நீட்டிவிடாதீர்கள். பழையது வாங்கும்போது மூன்று சோதனை. பின் அச்சுப் பக்கம் ஒரு நூலைக் கட்டி, ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள குழாயைச் சுற்றி, மறுபக்கம் திரும்பக் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்கள். சீட்டைத் தாங்கும் குழாயிலிருந்து இரண்டு பக்கமும் நூல் ஒரே தூரத்தில் இருந்தால் சட்டம் நேர். இல்லையென்றால் எங்கேயோ மோதிய வண்டி. அடுத்து, சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு பிரேக் கட்டைக்குப் பக்கத்தில் கண்ணை வையுங்கள், பெண்டு இருந்தால் ரிம் இடுப்பை ஆட்டும். மூன்றாவது, செயின். ஒரு கண்ணி அரை அங்குலம், 24 கண்ணிக்குச் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். டேப்பில் அரைக்கால் அங்குலம் கூட வந்தால் செயின் தேய்ந்துவிட்டது. செயின் நீண்டுவிட்டது என்பார்கள். இரும்பு நீளவில்லை, கண்ணியின் ஊசிகளைப் புழுதி அரம் மாதிரி தின்றிருக்கிறது. எங்களுக்குச் சட்டம் நேர், பின் சக்கரத்தில் பெண்டு, செயின் மாற்ற வேண்டியது.

பார் உள்ள சைக்கிளா, இல்லாததா என்பதில் வீட்டில் ஒரு விவாதம் நடந்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கம் பல்லாயிரம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது, பெண்கள் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளிலேயே பலர் கற்றார்கள். அதுதான் பிடிக்கும் என்று சொன்னவர்களும் உண்டு. அந்தக் குறுக்குப் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே! எங்கள் அக்கா அந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "அப்ப பாரு வச்சதே வாங்குங்க, தண்ணிக்குடம் மாட்டலாம்" என்றாள்.

பெண்டு எடுத்து, பால்ரஸ் மாற்றி ஓவராயில் செய்து, புது டயர், டியூப், செயின், பிரேக் கட்டை எல்லாம் சேர்த்து 1,700 ஆனது. தலைக்கவசம் 950. சீட்டை உயர்த்த ஸ்பேனரைத் திருப்பியதற்குக் காசில்லை. குதிகாலைப் பெடலின் மேல் வைத்தால், பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். பையன்கள் பலர் சீட்டைத் தாழ்த்தி, முட்டி தாடையில் இடிக்க மிதிக்கிறார்கள். தொடை அதில்தான் சீக்கிரம் சோர்கிறது.

மறுபடி அதே சாக்பீஸ் கோடு. ஓவராயிலுக்கு முன் 19 மீட்டர் உருண்ட எஸ்.எல்.ஆர். இப்போது 41க்குப் போய் நின்றது. மீதி 1,950 ரூபாய் உண்டியலுக்குத் திரும்பிப் போனது.

போன வாரம் விடிகாலையில் சர்வீஸ் ரோட்டில் நின்று அந்தக் கூட்டத்துக்காகக் காத்திருந்தான். கூடப் போய்ப் பார்க்கிறேன் என்றான். ஏழு மணிக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். பின் டயரில் ஒரு சீமைக்கருவேல முள்.

"அவங்களைப் பிடிச்சியாடா?"

"பாதி தூரம் கூடவே போனேன் மாமா. ஒருத்தருக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டுப் போனா காத்தே அடிக்கல. அது ஏன்?"

சாக்பீஸைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.