துள்ளும் மீனுக்கு ஒரு கூரை



ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரங்களில், மடவை மீன்கள் வளைத்த வலையின் விளிம்பைத் தாண்டித் துள்ளித் தப்பிச் செல்வதை உங்களுள் சிலர் கண்டிருக்கலாம். சோழமண்டலக் கடலில் கோடைக்காலத்தில் பிடிபடும் கோலா மீனோ, துள்ளுவதோடு நில்லாமல், அகன்ற துடுப்புகளைச் சிறகுபோல் விரித்து அலைகளின்மேல் மிதந்தே செல்கிறது. 2008ஆம் ஆண்டில், ஜப்பான் நாட்டை அடுத்த கடலில், இவ்வினத்து மீன் ஒன்று 45 வினாடி நேரம் காற்றிலேயே இருந்ததைப் படம் பிடித்திருக்கின்றனர். துரத்தி வரும் பகை மீனின் பார்வையினின்றும் நொடிப்பொழுதில் மறைந்துவிடுவதற்கு இதனினும் சிறந்த வழி வேறு இல்லை.

ஆகவே, துள்ளுதல் என்பது மீனுக்கு வெறும் விளையாட்டன்று; பல வேளைகளில் அது உயிர் காக்கும் உபாயம். ஆனால், கடலில் உயிரைக் காக்கும் இவ்வுபாயமே, வீட்டுக் கூடத்தில் நாம் அமைக்கும் கடல்நீர்த் தொட்டியில் உயிரைப் போக்கிவிடுகிறது. கடலில் துள்ளிய மீன் மீண்டும் கடலிலேயே விழுகிறது. தொட்டியில் துள்ளிய மீன் தரையில் விழுகிறது. இதனைத் தடுப்பது எவ்வாறு என்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

மீன் எண்ணிப் பார்த்துத் துள்ளுவதில்லை. எலும்பு மீன்கள் பலவற்றின் பின்மூளையில், வலப்புறம் ஒன்றும் இடப்புறம் ஒன்றுமாக, இரண்டு பெரிய நரம்பணுக்கள் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் இவற்றை ஆராய்ந்த லுட்விக் மௌத்னர் என்பவரின் பெயரால், இவை மௌத்னர் அணுக்கள் என்று வழங்குகின்றன. வலப்புறத்தில் திடீரென ஓர் அதிர்வு தோன்றினால், வலப்புற அணு தூண்டப்படுகிறது. அதனுடைய நரம்பிழை குறுக்கே சென்று, இடப்புறத் தசைகளை ஒருங்கே சுருங்கச் செய்கிறது. உடனே மீன் வில்லைப்போல் வளைந்து, ஆபத்து வந்த பக்கத்துக்கு எதிரே பாய்கிறது. நாம் ஒருமுறை கண்ணிமைப்பதற்குள் இவ்வளவும் நிகழ்ந்து விடுகின்றன. நீர் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று ஆராய்வதற்கு அதற்கு நேரம் ஏது?

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கடல்நீர்த் தொட்டி வைத்திருப்போர் பெரிதும் விரும்பும் சிறு மீன்களுள் ஒன்று ஃபயர்ஃபிஷ். நாம் அதனைத் தீமீன் எனலாம். விலங்கியலார் அதற்கு இட்ட பெயர் நெமாட்டிலியோட்ரிஸ் மேக்னிஃபிக்கா. முன்னுடல் வெண்மையாகவும் பின்னுடல் தீக்கொழுந்துபோல் சிவந்தும் விளங்கும். நீளம் 9 சென்டிமீட்டருக்கு மேல் போவதில்லை. ஆப்பிரிக்காவின் கீழ்க்கரை முதல் பசிபிக் தீவுகள் வரையில், பவளப் பாறைகளின் ஓரத்தில் இது வாழ்கிறது. தன் வளைக்குச் சற்று மேலே நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று, மிதந்து வரும் நுண்ணுயிர்களை உண்ணும். சிறு நிழல் பட்டாலும் போதும். அம்புபோல் வளைக்குள் மறைந்துவிடும். அத்தகைய மீனை, வளையே இல்லாத வெறுந்தொட்டியில் விட்டால் என்ன ஆகும்? கீழே ஒளிய இடமில்லை, பக்கங்களில் கண்ணாடி. திறந்திருக்கும் வழி மேல்வழி ஒன்றே. அவ்வழியே அது போய்விடுகிறது.

ராஸ் என்னும் மீன்களும், உளுவை இனத்தவை பலவும், வாயினால் கல் சுமந்து வளை கட்டும் ஜாஃபிஷ் என்னும் மீனும் இவ்வாறே துள்ளுபவை. அஞ்சாலை என்னும் விலாங்கு வகை துள்ளுவதில்லை. ஆயினும், சிறு இடைவெளி கிடைத்தாலும் அதன் வழியே நெளிந்து வெளியேறிவிடும்.

ஆகவே, துள்ளும் மீனுக்கு முதல் தேவை மூடி. இவ்வாறு நான் வகுப்பில் கூறியபோது, மாணவர் ஒருவர், "ஐயா, ஒரு கண்ணாடிப் பலகையால் மூடிவிட்டால் போதாதா?" என்று வினவினார். நல்ல வினாதான். கண்ணாடி மீனைத் தடுக்கும். ஆனால் இறுக மூடினால் காற்றையும் தடுக்கும். நீரில் பிராணவாயு கலப்பதும், மீன்கள் வெளிவிடும் கரியமிலவாயு நீங்குவதும் பெரும்பாலும் நீரின் மேற்பரப்பிலேதான். கரியமிலவாயு தேங்கினால் நீரின் காரத்தன்மை குறையும். நீர் ஆவியாகும்போது ஏற்படும் குளிர்ச்சியும் கிட்டாமற் போவதால் தொட்டி சூடேறும். வெப்பம் மிகுந்த நம் நாட்டில் இது சிறிய குறையன்று. மேலும், தெறிக்கும் நீர் உலர்ந்து உப்புப் படிந்து ஒளியை மறைக்கும்.

இவற்றையெல்லாம் கருதினால் வலையே சிறந்தது. துருப்பிடிக்காத நைலான் போன்ற இழையால் ஆனதும், 6 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழக் கால் அங்குலக் கண்ணுடையதுமான வலையை, ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டித் தொட்டியின்மேல் பொருந்த வைக்கலாம். காற்றும் ஒளியும் உள்ளே செல்லும். தீமீன் வெளியே செல்லாது. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: வலை வழியே நீர் ஆவியாகும், உப்போ ஆவியாகாது. ஆகவே, குறையும் அளவுக்கு உப்பில்லாத தூய நீரை நாள்தோறும் சேர்த்து வர வேண்டும்.

குழாயும் மின்கம்பியும் நுழையும் மூலைகளைப் பலர் கவனிப்பதில்லை. மீனின் உயரத்தைப் பார்த்து, "இச்சிறு சந்தில் அது எப்படி நுழையும்?" என்பர். பார்க்க வேண்டியது உயரமன்று; பருமன். விரலினும் மெல்லிய மீனுக்கு விரலளவுச் சந்து ஒரு பெருவாயில். அஞ்சாலை வளர்ப்போர், அது முட்டித் தள்ளாதபடி மூடியை இறுகப் பிணைக்கவும் வேண்டும்.

மூடி உடலைத் தடுக்கும், அச்சத்தைத் தடுக்காது. மூடியில் ஓயாமல் மோதும் மீனுக்குக் காயம் ஏற்படும். ஆகவே, அச்சத்தின் காரணங்களையும் நீக்க வேண்டும். கடலில் மாலை மெல்ல மெல்லவே மறைகிறது. நம் வீட்டிலோ ஒரு விசையைத் தட்டியதும் நள்ளிரவு வந்துவிடுகிறது. தொட்டி விளக்கை முதலில் அணைத்துச் சிறிது நேரம் கழித்து அறை விளக்கை அணையுங்கள். பாறைகளை அடுக்கி, ஒவ்வொரு மீனுக்கும் ஒளிந்து கொள்ள இடம் அமையுங்கள். வலிய மீன்களை மெலியவற்றோடு சேர்க்காதீர்கள். இடம் புதிதாக இருக்கும் முதல் நாட்களிலே துள்ளல் மிகுதி. அப்போது விளக்கைத் தாழ்த்தி, தொட்டியருகே நடமாட்டத்தையும் குறையுங்கள்.

இவ்வளவு செய்தும் ஒரு மீன் தரையில் கிடக்கக் கண்டால், இறந்தது என்று உடனே எறிந்துவிட வேண்டா. காற்றில் பிராணவாயு நிறைந்திருந்தும், செவுள் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் மீன் அதனைப் பெற முடியாமல் தவிக்கிறது. உடல் உலராதிருந்தால், நனைத்த கையால் மெல்ல எடுத்து அதே நீரில் விடுங்கள். சில வேளைகளில் அது பிழைத்துக்கொள்ளும்.

கடல்நீர்த் தொட்டிகளில் வாழும் மீன்களுட் பெரும்பாலானவை, வீட்டில் பிறந்தவையல்ல. பவளப் பாறையினின்றும் பிடித்து வரப்பெற்றவை. அவற்றின் வளையையும், விழுந்தால் ஏந்திக்கொள்ளும் கடலையும் நாம் பறித்துவிட்டோம். பின்னர், துள்ளி இறந்த மீனைப் பார்த்து, "அதன் இயல்பு அப்படி" என்று கூறி அமைவது அறமாகாது. அதன் இயல்பு நமக்கு முன்பே தெரிந்ததன்றோ? ஆகவே, மீன் வாங்கச் செல்லும் நாளுக்கு முன்னரே வலையை வாங்கிப் பொருத்திவிடுங்கள். மூடி இல்லாத தொட்டிக்குத் துள்ளும் மீனைக் கொண்டுவர வேண்டா.