பழைய காரின் இன்ஜின் அறைக்கும் டேஷ்போர்டுக்கும் எந்த ஸ்ப்ரே பெயின்ட்? வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மாதிரி பழைய கார்களைத் தூசி தட்டி ஓட வைக்கிறவர்கள் பலர், வெளி பாடியை மட்டும் பெயின்டரிடம் விடுகிறார்கள். பானெட்டுக்குள்ளும் காருக்குள்ளும் இருக்கிற சின்ன பாகங்களுக்கு வீட்டிலேயே ஸ்ப்ரே கேன்தான். செலவு மிச்சம், சரி. ஆனா கடையில் போய் "கருப்பு ஸ்ப்ரே ஒண்ணு" என்று கேட்டு வாங்கி எல்லா இடத்திலும் அடிச்சா, சில மாதத்திலேயே உரிய ஆரம்பிச்சிடும்.

நிறத்துக்கு முன்னாடி சூட்டைப் பாருங்க

சாதாரண அக்ரிலிக் ஸ்ப்ரே, 100 டிகிரி செல்சியஸ் பக்கம் போனாலே திணறும். பேட்டரி தட்டு, ஏர் ஃபில்டர் டப்பா, பிராக்கெட்டுகளுக்கு அது போதும். இன்ஜின் பிளாக்குக்கும் டேப்பட் கவருக்கும் 'இன்ஜின் எனாமல்' என்று தனியாக விற்கிறதைக் கேட்டு வாங்கணும். அது சுமார் 250 டிகிரி வரை தாங்கும். பெட்ரோல், ஆயில் பட்டாலும் சட்டென்று கரையாது.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கதை வேற. அங்கே சூடு பல நூறு டிகிரி. 600 டிகிரிக்கு மேல் தாங்கும் என்று கேனில் போட்டிருக்கும் ஹை-ஹீட் பெயின்ட்தான் நிற்கும். அதுக்கு அடியில் சாதாரண பிரைமர் அடிக்கவே கூடாது, பிரைமர் கருகி மேலே இருக்கிறதையும் சேர்த்து உதிர்த்துவிடும். இந்த பெயின்ட் காய்ந்த மாதிரி தெரிந்தாலும் நகம் பட்டால் கீறும். கேனில் சொன்னபடி இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு, ஆற விட்டு, மறுபடியும் ஓட விட்டால்தான் இறுகும். அப்போது புகை வரும், வண்டியை வெளியே நிறுத்திட்டு செய்யுங்க.

பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே இருக்கும் தகரத்தில் பெயின்ட் போவதற்கு சூடு காரணமில்லை, பிரேக் ஆயில்தான் காரணம். டாட் 3, டாட் 4 வகை ஆயில் சிந்தினால் கேன் பெயின்ட்டைக் கரைத்து எடுத்துவிடும். ஹார்டனர் கலந்து வேலை செய்யும் டூ-கே பெயின்ட் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆனா அதில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆபத்து, ஆஸ்துமாவையே வரவழைக்கலாம். துணி மாஸ்க் எந்த விதத்திலும் உதவாது. சரியான பாதுகாப்புக் கவசம் இல்லையென்றால் அந்த இடத்தை மட்டும் பெயின்டரிடமே கொடுத்துவிடுவது நல்லது.

காருக்கு உள்ளே?

பெயின்ட் எந்தப் பொருள் மேல் உட்காரப் போகிறது என்பதுதான் இங்கே கேள்வி. கதவு ரெக்சினும் சீட்டும் மடங்கி நிமிர்கிறவை. சாதாரண ஸ்ப்ரே அடித்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும், வினைல் டை வாங்குங்க. பிளாஸ்டிக்குக்கு அதற்கென்றே உள்ள பிரைமர் முதலில் போகணும். இதையெல்லாம்விட பெரிய எதிரி டேஷ்போர்டு பாலிஷ். அதில் இருக்கும் சிலிக்கோன் போகாமல் அடித்தால் பெயின்ட் ஒட்டாமல் மீன் கண் மாதிரி குழி குழியாக விலகும். டேஷ்போர்டின் மேல்பக்கம் மேட் ஃபினிஷாகவே இருக்கட்டும். பளபளப்பு அடித்தால் வெயிலில் கண்ணாடியில் எதிரொலித்து ரோடு தெரியாது.

பழைய பெயின்ட்டைச் சுரண்டாமல் மேலேயே அடிப்பதாக இருந்தால், மறைவான ஒரு மூலையில் முதலில் அடித்துப் பாருங்க. எனாமல் மேல் என்.சி. பெயின்ட் விழுந்தால் அடியில் இருப்பது சுருங்கித் தூக்கிக்கொண்டு வரும். மழை நாளில் அடிக்கவே வேண்டாம், ஈரக்காற்று பட்டால் மேல்பரப்பு வெளுத்துப்போகும்.

அடிக்கக் கூடாத இடங்களும் உண்டு. எர்த் வயர் பாடியைத் தொடும் இடத்தில் பெயின்ட் ஏறினால் கரன்ட் சரியாகப் போகாது, ஸ்டார்ட்டிங் மக்கர் பண்ணும். ரேடியேட்டரில் தடிமனாக அடித்தால் சூடு வெளியேறாது. பிரேக் ஹோஸ், ஃபேன் பெல்ட் மாதிரி ரப்பர் பாகங்கள் பக்கமே போகாதீங்க. சேஸிஸ் எண் இருக்கும் இடத்தில் மாஸ்கிங் டேப் கட்டாயம். 15 வருஷம் தாண்டிய சொந்த காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது அதிகாரிகள் சரிபார்ப்பது அந்த எண்ணைத்தான்.