தைல மர இனவிருத்தியில் உட்கலப்பு மேலாண்மை

உட்கலப்பு என்பது நெருங்கிய உறவுடைய மரங்கள் ஒன்றோடொன்று கலந்து விதை தருவதாகும். ஒரே மரத்தின் தன்மகரந்தச் சேர்க்கை இதன் உச்ச நிலையாகும். உட்கலப்பினால் தீங்கான ஒடுங்கு மரபணுக்கள் வெளிப்பட்டு, கன்றுகளின் வளர்ச்சி குன்றுகிறது. தேர்ந்தெடுத்த பெற்றோர் மரங்களால் அடுத்த தலைமுறை அடையும் முன்னேற்றம் மரபியல் ஆதாயம் எனப்படுகிறது. ஆதாயத்தை உயர்த்தும்போது உட்கலப்பும் உயராமல் காப்பதே மர இனவிருத்தியின் முதன்மையான சிக்கலாகும்.

== தமிழகச் சூழல் ==
திருமானூர் அமைந்துள்ள அரியலூர் மாவட்டம் உட்பட, தமிழகத்தின் வறண்ட பகுதிகளில் தைல மரம் காகிதக் கூழுக்காக வளர்க்கப்படுகிறது. தென்னிந்தியாவில் பரவிய 'மைசூர் கம்' வகை, 1790ஆம் ஆண்டையொட்டி நந்தி மலையில் நடப்பட்ட மரங்களின் வழி வந்ததாகக் கருதப்படுகிறது. சில மரங்களிலிருந்தே பெருகியதால் இதன் மரபு அடித்தளம் குறுகியது. தைல மரப் பூக்கள் இருபாற் பூக்கள் ஆதலால் தன்மகரந்தச் சேர்க்கையும் நிகழக்கூடும். பெரிதும் உட்கலப்புற்ற விதையை நட்ட உழவர், அதன் குறையை அறுவடைக் காலத்திலேயே முழுமையாக உணர்வார்.

== உறவின் அளவு ==
உட்கலப்புக் கெழு தன்மகரந்தச் சேர்க்கையில் 1/2, உடன்பிறப்புகளின் கலப்பில் 1/4, ஒரு பெற்றோர் மட்டும் பொதுவான மரங்களின் கலப்பில் 1/8 ஆகும்.

மரங்களின் எண்ணிக்கை மட்டும் பல்வகைமையைக் காட்டாது. உறவில்லாத 10 மரங்கள் சமமாக விதை தந்தால் பயனுறு எண்ணிக்கை 10. ஒரு மரம் பாதி விதையைத் தந்து, மற்ற ஒன்பதும் மீதியைச் சமமாகப் பகிர்ந்தால் அது 3.6 ஆகக் குறைகிறது.

== மேலாண்மை முறைகள் ==
* ஒரு குடும்பத்திலிருந்து தேர்ந்தெடுக்கும் மரங்களின் எண்ணிக்கைக்கு வரம்பிடல்
* விதைத் தோப்பில் உறவு மரங்களைத் தொலைவில் நடல்
* ஒவ்வொரு மரத்திலிருந்தும் சம அளவு விதை எடுத்துக் கலத்தல்
* இயற்கை வாழிடங்களிலிருந்து புதிய விதைகளைச் சேர்த்தல்

1988இல் கோயம்புத்தூரில் நிறுவப்பட்ட வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனம், ஆத்திரேலிய விதைகளைக் கொண்டு தைல மர இனவிருத்தியை மேற்கொண்டது.

== குளோன் கன்றுகள் ==
சிறந்த மரத்தின் தண்டுத் துண்டுகளிலிருந்து பெறும் குளோன் கன்றுகள் தாய் மரத்தை ஒத்திருப்பதால், ஆதாயம் உடனே கிடைக்கிறது. எனினும் ஒரே குளோனைப் பரவலாக நடுவது ஆபத்தானது. 2000களில் தென்னிந்தியத் தைலத் தோப்புகளைத் தாக்கிய கரணைக் குளவியால் சில குளோன்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன, சில தாக்குப்பிடித்தன. எனவே பல குளோன்களைக் கலந்து நடுவதும், அவற்றுக்கு அப்பால் பல்வகை மரங்களைத் தனியே பேணுவதும் இன்றியமையாதவை ஆகும்.