எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா!

வயலுக்கு உரம் போடுவது எல்லோருக்கும் தெரியும். கடற்கரைப் பாறைக்கு உரம் போட்ட கதை தெரியுமா?

1989-ம் ஆண்டு மார்ச் மாதம் 24-ந் தேதி. நள்ளிரவு கடந்து சில நிமிடங்கள். அமெரிக்காவின் வடகோடியில் உள்ள அலாஸ்கா மாநிலத்தில், "எக்சான் வால்டெஸ்" என்ற எண்ணெய்க் கப்பல் கடலுக்குள் இருந்த பாறையில் மோதியது. கப்பலின் அடிப்பாகம் கிழிந்தது. சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது!

சுமார் 2 ஆயிரம் கிலோமீட்டர் நீளத்துக்குக் கரையெல்லாம் எண்ணெய் படிந்தது. இறகில் எண்ணெய் ஒட்டிய பறவைகள் குளிர் தாங்காமல் மாண்டன. இறந்த பறவைகள் 2½ லட்சம் இருக்கும் என்று கணக்கிட்டார்கள். பல இடங்களில் மீன்பிடிக்கத் தடை வந்தது. மீனவர்கள் பிழைப்பின்றித் தவித்தார்கள்.

வெந்நீரால் வந்த வினை

பாறைகள் மீது வெந்நீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவினார்கள். எண்ணெய் போயிற்று. ஆனால் பாறையில் ஒட்டி வாழ்ந்த சிப்பியும் பாசியும் சேர்ந்து மடிந்தன. வேறு என்ன வழி?

கண்ணுக்குத் தெரியாத வேலையாட்கள்

கடலில் ஒருவகை பாக்டீரியா உண்டு. கண்ணுக்குத் தெரியாது. எண்ணெய்தான் அதற்குச் சாப்பாடு! பிராணவாயுவின் உதவியால் எண்ணெயைத் தின்று, கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் மாற்றிவிடும்.

அலாஸ்கா கடற்கரையிலும் அது இருந்தது. எண்ணெயும் ஏராளமாக இருந்தது. ஆனால் எண்ணெய் மட்டும் போதாது. பாக்டீரியா பெருக நைட்ரஜன், பாஸ்பரஸ் என்ற சத்துக்கள் வேண்டும். அவை அங்கே குறைவு. பயிருக்குப் போடும் உரத்தில் இருப்பவை இதே சத்துக்கள்தான். எனவே விஞ்ஞானிகள் பாறைகளில் உரம் தெளித்தார்கள்.

2, 3 வாரங்கள் சென்றன. உரம் போட்ட கற்கள் வெளுத்தன. போடாத கற்கள் கறுப்பாகவே கிடந்தன!

எல்லாவற்றையும் தின்றுவிடுமா?

தின்னாது. தார் போன்ற கெட்டியான பகுதியை அதனால் எளிதில் கரைக்க முடியாது. பிராணவாயு புகாத இடத்தில் அதன் வேலை மிகவும் மெதுவாகிவிடும். அதனால்தான், 20 ஆண்டு கழித்தும் சில கரைகளைத் தோண்டியபோது எண்ணெய் ஊறி வந்தது.

ஆகவே, எண்ணெய் கொட்டாமல் காப்பதே முதல் வேலை. 1990-ம் ஆண்டில் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது. எண்ணெய்க் கப்பலுக்கு ஒரு சுவர் போதாது, இரட்டைச் சுவர் வேண்டும் என்றது அந்தச் சட்டம். வெளிச்சுவர் கிழிந்தாலும் உள்சுவர் எண்ணெயைத் தாங்கி நிற்கும் அல்லவா?