கைட்டோசான் நானோதுகள்களும் புற்றுநோய் நோயெதிர்ப்புச் சிகிச்சையும்

கைட்டோசான் நானோதுகள்கள் என்பவை இறால், நண்டு ஆகியவற்றின் ஓடுகளிலிருந்து பெறப்படும் கைட்டோசான் என்னும் இயற்கைப் பலபடியால் ஆன நுண்துகள்கள் ஆகும். புற்றுநோய்க்கு எதிராக உடலின் நோயெதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டும் மருந்துகளை உரிய இடத்தில் கொண்டு சேர்க்கும் ஊர்தியாக இவை ஆராயப்படுகின்றன.

பின்னணி

டி செல்களின் மீதுள்ள சிடிஎல்ஏ-4, பிடி-1 ஆகிய புரதங்கள் அவற்றின் தாக்குதலைக் கட்டுப்படுத்துகின்றன. இக்கட்டுப்பாட்டைத் தளர்த்திப் புற்றுநோய்க்குச் சிகிச்சை அளிக்கலாம் எனக் கண்டறிந்ததற்காக ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹோன்ஜோ ஆகியோர் 2018ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பெற்றனர். ஆனால், இம்மருந்துகள் இரத்தத்தின் வழியே உடல் முழுவதும் பரவுவதால் குடல், தோல், கல்லீரல், தைராய்டு போன்ற நலமான உறுப்புகளிலும் அழற்சி ஏற்படலாம். சிலருக்குச் சிகிச்சையையே நிறுத்த வேண்டியிருக்கும். இன்டர்லூக்கின்-12 என்னும் புரதத்தை இரத்தத்தில் செலுத்திய 1990களின் மருத்துவச் சோதனை ஒன்றில் கடும் நச்சு விளைவுகளும் உயிரிழப்பும் நேர்ந்தன. மருந்தைக் கட்டி உள்ள இடத்திலேயே நிறுத்த வேண்டிய தேவை இதனால் எழுந்தது.

தயாரிப்பு

ஓடுகளில் உள்ள கைட்டினை அடர் காரத்துடன் சூடாக்கினால் அசெட்டைல் தொகுதிகள் நீங்கிக் கைட்டோசான் கிடைக்கிறது. நீர்த்த அமிலத்தில் கரைக்கும்போது இதன் அமைன் தொகுதிகள் நேர்மின்னேற்றம் பெறுகின்றன. இக்கரைசலைக் கலக்கிக்கொண்டே, எதிர்மின்னேற்றமுள்ள டிரைபாலிபாஸ்பேட்டைத் துளித்துளியாகச் சேர்த்தால் இரண்டும் பிணைந்து துகள்களாகின்றன. இந்நிலையில் வெப்பமோ கரிமக் கரைப்பானோ தேவைப்படாததால், உள்ளே வைக்கப்படும் புரத மருந்துகள் எளிதில் சிதைவதில்லை.

செயல்படும் விதம்

நேர்மின்னேற்றம் காரணமாக இத்துகள்கள் எதிர்மின்னேற்றமுள்ள டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. ஆகியவற்றைப் பற்றிக்கொண்டு, நொதிகள் அவற்றைச் சிதைக்காமல் காக்கின்றன. செல் சவ்விலும் ஒட்டிக்கொள்கின்றன. டென்ட்ரிடிக் செல்கள் துகள்களை விழுங்கி, உள்ளிருக்கும் புற்றுநோய் எதிர்ப்பொருளை டி செல்களுக்கு அடையாளம் காட்டுகின்றன. கைட்டோசானே டென்ட்ரிடிக் செல்களைத் தூண்ட வல்லது என்பதால், வெறும் ஊர்தியாக மட்டுமன்றித் துணைத்தூண்டியாகவும் அது பயன்படுகிறது. கைட்டோசான் கரைசலுடன் இன்டர்லூக்கின்-12ஐக் கலந்து கட்டிக்குள் செலுத்திய ஆய்வில், பெரும்பாலான சுண்டெலிகளில் கட்டிகள் மறைந்தன.

வரம்புகள்

இரத்தத்தின் கார அமிலத்தன்மை மதிப்பு ஏறத்தாழ 7.4 ஆகும். இந்நிலையில் கைட்டோசான் நன்கு கரைவதில்லை. துகள்கள் ஒன்றோடொன்று திரளலாம். இரத்தத்தில் செலுத்தப்படும் துகள்களில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் வடித்தெடுத்துவிடுகின்றன. ஓட்டின் மூலத்தைப் பொறுத்து மூலக்கூறு எடையும் அசெட்டைல் நீக்க அளவும் மாறுபடுவதால், ஒவ்வொரு தொகுப்பையும் ஒரே தரத்தில் தயாரிப்பது கடினம். இயற்கைப் பலபடி ஒன்று மருந்து ஊர்தியாக மருத்துவமனையை எட்ட முடியும் என்பதற்கு, 2005இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அல்புமின் பிணைந்த பாக்லிடாக்செல் சான்றாகும். எனினும் அது வேதிச்சிகிச்சை மருந்து. நோயெதிர்ப்புச் சிகிச்சையில் கைட்டோசான் துகள்கள் இன்னும் வழக்கமான பயன்பாட்டிற்கு வரவில்லை.