மின் சிகரெட்டுக்குள் என்ன கம்பி? திரையில் தெரியும் சூட்டை நம்பலாமா?

தோட்ட லயங்களில் கரண்ட் அடுப்பு வைத்துச் சமைத்தவர்களுக்குக் கம்பிச்சுருள் புதிய பொருள் அல்ல. சுவிட்சைப் போட்டால் மண் தட்டின் பள்ளத்தில் கிடக்கும் சுருள் தணலாகச் சிவக்கும். நாள் ஆக ஆகக் கறுக்கும், செதில் எடுக்கும், தொட்டால் உதிரும். அறுந்து போனால் இரண்டு முனைகளையும் முறுக்கி விட்டு மறுபடியும் ஓட்டுவார்கள். அந்தச் சுருளின் மேலே இருப்பது பாத்திரம். அதே மாதிரிச் சுருள், கட்டைவிரல் நகத்தை விடச் சிறியதாக, மின் சிகரெட்டுக்குள்ளும் இருக்கிறது. அதன் மேலே இருப்பது மனிதனின் வாய்.

வாளையார், கஞ்சிக்கோடு பக்கம் ஆலை வேலைக்கு வந்த இளைஞர்களிடமும், குமுளி, பூப்பாறை, மூணாறு பக்கம் ஜீப் ஓட்டுகிறவர்களிடமும், சிகரெட்டை விட்டுத் தொலைக்க வேண்டும் என்று நினைக்கும் குமாஸ்தாக்களிடமும் இந்தக் கருவி அங்கங்கே தலை காட்டுகிறது. "வேப்" என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். விற்பது குற்றம். ஆனாலும் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவரின் பையிலும், கைபேசியில் பேசி முடிக்கும் வியாபாரத்திலும் கை மாறி வந்து சேருகிறது.

"புகையிலையே இல்லை, வெறும் ஆவிதான்" என்பது இதைப் பிடிக்கிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். கொஞ்சம் விலை கூடிய கருவி வைத்திருப்பவர் ஒரு படி மேலே போய், "என்னுடையதில் டெம்பரேச்சர் கண்ட்ரோல் இருக்கிறது, 200 டிகிரிக்கு மேல் போகாது" என்பார். அந்த 200 டிகிரி எவ்வளவு தூரம் உண்மை?

தெர்மாமீட்டர் கிடையாது

மின் சிகரெட்டில் ஒரு பாட்டரி, கொஞ்சம் திரவம், அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பஞ்சு, பஞ்சைச் சுற்றிய கம்பி ஆகியவை உண்டு. திரவத்தில் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோட்டின், மாம்பழம் அல்லது புதினா வாசனை ஏதாவது ஒன்று கலந்திருக்கும். கம்பி சூடானால் திரவம் ஆவியாகும். அதை உறிஞ்சுகிறார்கள்.

சூடு அளவுக்கு மிஞ்சினால் கிளிசரின் சிதைந்து போகும். வாணலியில் எண்ணெய் காந்தும்போது கண்ணை எரிக்கும் நெடி ஒன்று வருமே, அதில் உள்ள அக்ரோலின் என்ற பொருள்தான் இங்கேயும் உண்டாகிறது. கூடவே ஃபார்மால்டிஹைடு வருகிறது. மருத்துவக் கல்லூரியில் உடல்களைக் கெடாமல் வைக்கப் பயன்படுத்தும் பொருள் அது. பஞ்சு காய்ந்து போனால் சொல்லவே வேண்டாம், பஞ்சே கருகும். இதைத் தவிர்ப்பதற்காக வந்ததுதான் சூட்டைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு.

ஆனால் அந்தக் கருவிக்குள் சுருளின் சூட்டை அளக்கத் தெர்மாமீட்டர் எதுவும் இல்லை. உலோகம் சூடாகும்போது அதன் மின்தடை கூடும். எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்த்து, "அப்படியானால் இத்தனை டிகிரி இருக்க வேண்டும்" என்று உள்ளே இருக்கும் சில்லு கணக்குப் போடுகிறது. திரையில் தெரிவது அந்தக் கணக்குத்தான். கணக்கு சரியாக வர வேண்டுமானால் கம்பி எந்த உலோகம் என்று அதற்குச் சரியாகச் சொல்லியிருக்க வேண்டும்.

இங்கேதான் கோளாறு. நிக்கல் கம்பி 20 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்கு ஏறினால் மின்தடை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். டைட்டானியத்துக்குப் பாதிக்கு மேல் கூடும். துருப்பிடிக்காத எஃகுக்கு, அதாவது எவர்சில்வர் இனத்துக்கு, ஐந்தில் ஒரு பங்கு கூடக் கூடாது. இப்போது கருவியை "நிக்கல்" என்று வைத்துவிட்டு உள்ளே எஃகுச் சுருளை மாட்டினால் என்ன ஆகும்? மின்தடை இரட்டிப்பாகும் வரை சில்லு காத்திருக்கும். எஃகு 200 டிகிரியைத் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருக்கும். திரையில் மட்டும் நல்ல பிள்ளையாக ஒரு சிறிய எண் நிற்கும். இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த காந்தல் கம்பியின் மின்தடையோ சூட்டுக்கு அசைவதே இல்லை. அதை வைத்துச் சூட்டைக் கணக்கிடவே முடியாது.

இன்னொன்றும் உண்டு. சுருளைப் புதிதாக மாட்டும்போது அது ஆறியிருக்க வேண்டும். பல கருவிகள் அந்த நேரத்து மின்தடையை 20 டிகிரிக்கு உரியது என்று எடுத்துக்கொள்கின்றன. பாலக்காட்டில் ஏப்ரல் மாத மத்தியானம் 40 டிகிரியில் மாட்டினால், திரை 200 என்று காட்டும்போது உண்மையில் 220-க்கு மேல் இருக்கும். ஜனவரிக் குளிரில் மூணாறில் மாட்டினால் அதற்கு நேர்மாறாகக் குறைவாக இருக்கும். அது பரவாயில்லை. இப்போதுதான் ஊதி முடித்த சூடான சுருளைக் கழற்றி மாட்டினால் பிழை இன்னும் பெரிதாகும்.

அடையாளம் தெரியாத இடத்திலிருந்து, அட்டைப் பெட்டி கூட இல்லாமல் வந்த சுருள் என்ன உலோகம் என்பதை வாங்குகிறவர் எப்படி அறிவார்? பெட்டி இருந்தாலும் அதில் அச்சிட்டிருப்பதுதான் உள்ளே இருக்கிறது என்பதற்கு யார் பொறுப்பு?

சூடு சரியாக இருந்தாலும்

சூடு சரியாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உலோகம் ஆவியோடு வராமல் இருக்குமா? அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 56 பேரிடம் அவரவர் தினமும் பிடிக்கும் கருவியையே வாங்கிச் சோதித்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். பாட்டிலில் இருந்த திரவத்தில் உலோகம் மிகக் குறைவு. அதே திரவம் சுருளைத் தாண்டி ஆவியாக வந்தபோது ஈயம், குரோமியம், நிக்கல், மாங்கனீசு எல்லாம் பல மடங்கு கூடியிருந்தன. ஈயம் மட்டும் 25 மடங்குக்கு மேல். திரவத்தில் இல்லாதது ஆவியில் வந்ததென்றால் அது சுருளிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள உறுப்புகளிலிருந்தும்தான் வந்திருக்க வேண்டும்.

நிக்கல் என்றால் பெண்களுக்குச் சட்டென்று புரியும். கவரிங் தோடு போட்டால் சிலருக்குக் காது சிவந்து நீர் வடிகிறதே, பெரும்பாலும் அதற்குக் காரணம் நிக்கல். தோலுக்கு ஒத்துக்கொள்ளாதது நுரையீரலுக்கு ஒத்துக்கொள்ளுமா? நிக்கல் சேர்மங்களையும், குரோமியத்தின் ஒரு வகையையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி மையம் பட்டியலில் வைத்திருக்கிறது. ஈயத்தில் இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை.

கரி பிடித்த சுருளைச் சுத்தம் செய்ய, திரவம் இல்லாமல் கரண்டை விட்டுச் சிவக்க வைக்கும் பழக்கமும் இருக்கிறது. நிக்கலுக்கும் டைட்டானியத்துக்கும் இது ஆகவே ஆகாது. டைட்டானியம் அளவு மீறிச் சிவந்தால் மேலே வெள்ளைப் பொடி படியும். அது டைட்டானியம் டை ஆக்சைடு. சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயிண்டில் இருக்கும் சரக்கு. அடுத்த இழுப்பில் அது எங்கே போகும் என்று விளக்க வேண்டியதில்லை.

தீர்ந்ததும் எறிந்துவிடும் வகைக்குத் திரையும் இல்லை, சுருளை மாற்றவும் வழியில்லை. பேனா போல, பென்சில் பெட்டி போல இருக்கும் இவைதான் பையில் ஒளித்துக் கொண்டுவர வசதியானவை. கலிபோர்னியாவில் டேவிஸ் நகரப் பல்கலைக்கழகத்தார் 2025-ல் இவற்றில் சிலவற்றைச் சோதித்தார்கள். ஒரு வகையில் ஒரு நாள் உபயோகத்தில் வெளிவந்த ஈயம், ஏறக்குறைய 20 பாக்கெட் சாதாரண சிகரெட்டில் வருவதை விட அதிகம். சிலவற்றில் ஈயம் கலந்த வெண்கல உறுப்புகள் திரவத்திலேயே ஊறிக்கொண்டிருந்தன. சிகரெட்டுக்குப் பதில் இதைப் பிடிக்கிறேன் என்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்க்கலாம்.

பட்டறை நோய்

கஞ்சிக்கோடு பட்டறைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உலோகப் புகையின் குணம் தெரியும். துத்தநாகப் பூச்சுள்ள தகட்டை வெல்டிங் செய்த அன்று சாயங்காலம் குளிரும் காய்ச்சலும் வரும், நாக்கில் இனிப்பாக ஒரு உலோகச் சுவை நிற்கும். பால் குடித்தால் சரியாகும் என்பார்கள். பால் குடிக்காவிட்டாலும் மறுநாள் சரியாகும். எல்லா உலோகமும் அப்படி ஒரு நாளில் போய்விடுவதில்லை. கோபால்ட் கலந்த கடின உலோகத்தைச் சாணை பிடிப்பவர்களுக்கும், வைரம் பட்டை தீட்டுபவர்களுக்கும் நுரையீரல் தழும்பேறும் நோய் ஒன்று வருவது உண்டு. 2019 டிசம்பரில் கலிபோர்னியா மருத்துவர்கள் அந்த நோயை ஒரு பெண்ணின் நுரையீரலில் கண்டதாக எழுதினார்கள். அவர் பட்டறைக்கே போனவரல்ல. அவர் பிடித்த வேப் கருவியைச் சோதித்தபோது ஆவியில் கோபால்ட் இருந்தது. அவர் இழுத்தது கஞ்சா சாரம். ஆனால் கோபால்ட் வந்தது கருவியின் சுருளிலிருந்துதான் என்பது மருத்துவர்களின் முடிவு.

அதே 2019-ல் அமெரிக்காவில் வேப் பிடித்தவர்கள் திடீரென்று மூச்சு முட்டி ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த செய்தி பலருக்கு நினைவிருக்கலாம். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். அதற்கு முக்கியக் காரணம் திரவத்தில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெய். அதையும் கம்பியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. எண்ணெய் செய்ததை வாரங்களில் செய்தது. உலோகம் அவசரப்படுவதில்லை.

எல்லையில் என்ன சட்டம்?

கேரளத்தில் பொது இடத்தில் புகை பிடிப்பதற்கு எதிராக நாட்டுக்கே முன்மாதிரியான தீர்ப்பு 1999 ஜூலை 12-ல் கேரள உயர் நீதிமன்றத்தில் வந்தது. தீர்ப்பளித்த நீதிபதிகளில் ஒருவர் தமிழரான ஏ.ஆர்.லட்சுமணன். மின் சிகரெட்டுக்கு வந்தது மத்திய அரசின் தடை. 2019 செப்டம்பர் 18-ல் அவசரச் சட்டமாகவும், அந்த ஆண்டு டிசம்பரில் முழுச் சட்டமாகவும் நாடு முழுவதும் அமலுக்கு வந்தது. தமிழ்நாடு அதற்கு முன்பே 2018-ல் தடை செய்துவிட்டது. ஆகவே வாளையாருக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டம், இந்தப் பக்கம் ஒரு சட்டம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தயாரிப்பது, இறக்குமதி செய்வது, கொண்டு செல்வது, விற்பது எல்லாம் குற்றம். முதல் தடவைக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருப்பு வைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "ஊருக்குப் போகும்போது ஒரு பத்துப் பெட்டி வாங்கி வா" என்று நண்பர் கேட்கும்போது ஜீப்காரரும் பஸ் பயணியும் இதை யோசிக்க வேண்டும்.

பிரிட்டனில் சிகரெட்டை விடுவதற்கு இதை அனுமதிக்கிறார்களே என்று படித்தவர்கள் கேட்பார்கள். உண்மைதான். அங்கே ஒவ்வொரு வகையையும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும், நிக்கோட்டின் அளவுக்கு வரம்பு உண்டு. ஒருமுறை பிடித்து எறியும் வகையை அங்கேயும் 2025 ஜூன் 1 முதல் தடை செய்துவிட்டார்கள். இங்கே தடை சரியா தவறா என்று வாதாடுவோர் வாதாடட்டும். தடைக்குத் தப்பி வருகிற சரக்கின் கம்பியை எந்த ஆய்வாளரும் பார்ப்பதில்லை என்பது மட்டும் நிச்சயம்.

சிகரெட்டையோ பீடியையோ வேப்பையோ விட நினைப்பவர்களுக்குக் கட்டணமில்லாத தேசியத் தொலைபேசி எண் 1800-11-2356. மருந்துக் கடையில் 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம் கிடைக்கிறது. அதில் சூடும் இல்லை, கம்பியும் இல்லை. விடாத இருமல், படி ஏறும்போது மூச்சு வாங்குதல், நெஞ்சில் இறுக்கம் என்று பாலக்காடு மாவட்ட ஆஸ்பத்திரிக்கோ தேனி மருத்துவக் கல்லூரிக்கோ போகிறவர்கள், "பீடி உண்டா, சிகரெட் உண்டா" என்று மருத்துவர் கேட்கும்போது "இல்லை" என்று சொல்லி முடித்துவிடக் கூடாது. வேப் பிடித்ததையும், எத்தனை மாதம் பிடித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். என்ன சுருள் என்று தெரிந்தால் அதையும் சொல்லலாம்.